அதிக வட்டி தந்த கருவூலர்: ஆரஞ்சு கவுன்ட்டி திவாலான கதை

1994 டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி.) கவுன்ட்டியின் முதலீட்டு நிதியில் சுமார் 150 கோடி டாலர் நஷ்டம். யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. சந்தையில் வட்டி ஏறியதில் கரைந்த பணம் அது. டிசம்பர் 4 அன்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிதியை நடத்திவந்த கருவூலர் ராபர்ட் சிட்ரன் பதவி விலகினார். டிசம்பர் 6 அன்று கவுன்ட்டி திவால் நீதிமன்றத்தின் படியேறியது. அமெரிக்காவில் அதுவரை எந்த உள்ளாட்சி அமைப்பும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. 2011இல் அலபாமாவின் ஜெஃபர்சன் கவுன்ட்டியும் 2013இல் டெட்ராய்ட் நகரமும்தான் பிறகு அந்த இடத்தைப் பிடித்தன.

டெட்ராய்ட் வீழ்ந்ததற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்: ஆலைகள் மூடின, மக்கள் வெளியேறினார்கள். ஆரஞ்சு கவுன்ட்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. டிஸ்னிலேண்ட் இருக்கும் இடம். நாட்டின் வசதியான பகுதிகளில் ஒன்று. சுமார் 25 லட்சம் மக்கள். இப்படி ஓர் இடம் எப்படித் திவாலாகும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ஒரு பேராசைக்கார அதிகாரி சூதாடினார்' என்பது. அந்தப் பதில் பாதிதான் சரி. அவர் ஆடியது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஊரே அவருக்கு அதற்காக ஓட்டுப் போட்டது.

பதவியும் ஆளும்

கலிஃபோர்னியாவில் கவுன்ட்டி கருவூலர் என்பவர் நம் மாவட்டக் கருவூல அலுவலரைப் போல அரசு நியமித்து, மாற்றல் போடும் ஆள் இல்லை. தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். பள்ளி மாவட்டங்கள், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள், தங்கள் பணத்தைச் சட்டப்படி அவரிடம்தான் வைக்க வேண்டும். நகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் விரும்பினால் வைக்கலாம். வரிப் பணம் வருவதற்கும் சம்பளம், செலவு என்று போவதற்கும் நடுவே சில மாதங்கள் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் பணத்தைப் பத்திரமாக வைத்து, கிடைக்கிற வட்டியைச் சேர்ப்பதுதான் வேலை. பரபரப்பில்லாத வேலை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிட்ரன் 1925இல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தவர். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1960இல் கவுன்ட்டி வரி வசூல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1970இல் அதே துறையின் தலைமைப் பதவிக்குத் தேர்தலில் நின்று வென்றார். பிறகு கருவூலர் பதவியும் அதோடு இணைக்கப்பட்டு அவர் கைக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் கோட்டையான ஆரஞ்சு கவுன்ட்டியில் அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். அப்படியும் தேர்தலுக்குத் தேர்தல் அவரே ஜெயித்தார். பணம் சம்பாதித்துக் கொடுக்கிறவரிடம் கட்சி கேட்பார்களா?

ஆள் வால் ஸ்ட்ரீட் சாயலே இல்லாதவர். கண்ணைப் பறிக்கும் டை, பச்சைநீலக் கல் பதித்த நகைகள். பட்டம் வாங்காத பல்கலைக்கழகத்தின் மேல் தீராத பாசம். அவர் கார் ஹாரன் அதன் விளையாட்டுப் பாடலை ஒலிக்கும். எளிய வீடு. மதியச் சாப்பாடு சான்டா அனா நகரத்தில் எல்க்ஸ் என்ற சமூக மன்றத்தில். கடைசிவரை, கவுன்ட்டிப் பணத்தில் ஒரு டாலரைக்கூட அவர் தன் பைக்குள் போட்டுக்கொண்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. இது இந்த வழக்கின் முக்கியமான விவரம். பொதுப்பணத்துக்கு ஆபத்து என்றால் நமக்கு உடனே லஞ்சமும் கையாடலும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆபத்து வேறு வழியாக வந்தது.

வரி குறைந்தது, வட்டி தேவைப்பட்டது

1978இல் கலிஃபோர்னிய மக்கள் 13ஆம் முன்மொழிவை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மதிப்பும் வீடு கைமாறும் வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், உள்ளாட்சிகளுக்குத் திண்டாட்டம். சேவைகள் குறையக்கூடாது, வரியும் ஏறக்கூடாது. அப்படியென்றால் பணம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

அடுத்த ஆண்டே சட்டத்தில் ஒரு கதவு திறந்தது. உள்ளாட்சிக் கருவூலர்கள் ரிவர்ஸ் ரெப்போ செய்யலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதித்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சிட்ரனும் ஒருவர். ரிசர்வ் வங்கிச் செய்திகளில் அடிபடும் பெயர்தான் இது. கையிலுள்ள கடன் பத்திரத்தை ஒரு முதலீட்டு வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கி, குறிப்பிட்ட நாளில் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரத்தை மீட்பது. நகையை அடகு வைத்துக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் இன்னொரு நகை வாங்கி, அதையும் அதே கடையில் அடகு வைப்பதை நினைத்துக்கொண்டால் சிட்ரன் செய்தது புரிந்துவிடும். தங்கம் விலை ஏறும் வரை நாம்தான் கெட்டிக்காரர். விலை இறங்கினால் கடைக்காரர் கூடுதல் நகை கேட்பார். கடன் பத்திரத்தின் விலை இறங்குவது சந்தையில் வட்டி ஏறும்போது: புதிய பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள்.

1994இல் பள்ளிகள், நகராட்சிகள் என ஏறத்தாழ 190 அமைப்புகள் அவரிடம் வைத்திருந்த பணம் சுமார் 750 கோடி டாலர். அதை அடகு மேல் அடகு வைத்து அவர் வாங்கிக் குவித்திருந்த பத்திரங்கள் சுமார் 2,060 கோடி டாலர். ஒரு டாலர் கையில் இருந்தால் 2.70 டாலருக்கு மேல் முதலீடு.

லாபம் எங்கிருந்து வந்தது? கணக்குக்காக ஓர் உதாரணம். ஐந்தாண்டுப் பத்திரம் 5.2 சதவீதம் தருகிறது. குறுகிய காலக் கடன் 3.2 சதவீதத்துக்குக் கிடைக்கிறது. சொந்தப் பணத்துக்கு 5.2 சதவீதம் வந்துவிடும். கடனாக வாங்கிய 1.7 மடங்குப் பணத்தில் ஒவ்வொரு டாலருக்கும் 2 சதவீதம் மிச்சம், அதாவது இன்னொரு 3.4. மொத்தம் 8.6 சதவீதம். கடன் வாங்காமல் முதலீடு செய்யும் நிதியில் போட்டவருக்கு இவ்வளவு கிடைக்காது.

அதோடு நிறுத்தவில்லை. வட்டி இறங்கினால் அதிகமாகவும், ஏறினால் குறைவாகவும் தரும் தலைகீழ் மிதவைப் பத்திரங்களையும் வாங்கினார். '10 சதவீதத்திலிருந்து சந்தை வட்டியைக் கழித்து வருவது' என்பது போன்ற கணக்கு அவற்றில் இருக்கும். சந்தை வட்டி 3 என்றால் 7 கிடைக்கும்; 6 ஆனால் 4 தான். இவற்றை வெளியிட்டவை பெரும்பாலும் அமெரிக்க அரசின் ஆதரவு பெற்ற நிறுவனங்கள். அதனால் 'பணம் திரும்பாது' என்ற பயம் இல்லை. காகிதத்தில் எல்லாமே முதல்தர முதலீடு. கடன் ஒரு பக்கம், இந்தப் பத்திரங்கள் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே திசையில் கட்டிய பந்தயம்: வட்டி ஏறாது.

1980களின் தொடக்கத்தில் 20 சதவீதத்தை எட்டிய அமெரிக்கக் குறுகிய கால வட்டி, 1992இல் 3 சதவீதத்துக்கு வந்திருந்தது. நடுவே ஏற்ற இறக்கம் இருந்தாலும் பத்து ஆண்டுக்கும் மேலாக வட்டி என்ற நதி இறக்கத்தில்தான் ஓடியது. சிட்ரன் அதில் மிதந்துகொண்டிருந்தார். நீச்சல் தெரியுமா என்று பார்க்க வாய்ப்பே வரவில்லை.

எச்சரிக்கை மணி முன்பே ஒருமுறை அடித்திருந்தது. 1984இல் இதே கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரம் இதே வகைக் கடன்-பத்திர ஆட்டத்தில் சுமார் 6 கோடி டாலர் இழந்தது. ஆரஞ்சு கவுன்ட்டியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

யாருக்குத்தான் கசக்கும்?

கவுன்ட்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவில் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான தாமஸ் ரைலி சிட்ரனைப் பற்றிச் சொன்ன வார்த்தை பிறகு பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது: இந்த மனிதர் நமக்குக் கோடிக்கணக்கில் சம்பாதித்துத் தருகிறார், எப்படிச் செய்கிறார் என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, ஆனால் நம் எல்லோருக்கும் நல்ல பெயர் வாங்கித் தருகிறார். மேற்பார்வை செய்ய வேண்டிய குழுவின் வாயிலிருந்தே வந்தது இது.

இதில் நகைச்சுவை மட்டும் பார்த்தால் போதாது. 1994-95க்கான கவுன்ட்டி வரவுசெலவுத் திட்டத்தில், குழு தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டி வருமானம்தான் என்று போட்டிருந்தார்கள். பாதுகாக்க வேண்டிய பணம் சம்பாதிக்க வேண்டிய பணமாக மாறிவிட்டது. அந்த நிலையில் குழுவில் ஒருவர் எழுந்து 'இது ஆபத்து இல்லையா?' என்று கேட்டிருந்தால், அடுத்த கேள்வி 'சரி, எந்தச் சேவையை வெட்டலாம்? எந்த வரியைக் கூட்டலாம்?' என்று அவர் பக்கமே திரும்பியிருக்கும்.

பள்ளிகளும் ஒதுங்கி நிற்கவில்லை. இர்வைன் உள்ளிட்ட சில பள்ளி மாவட்டங்கள் சந்தையில் கடன் வாங்கி, அதைச் சிட்ரனின் நிதியில் போட்டன. கவுன்ட்டியே 1994 கோடையில் 60 கோடி டாலர் கடன் பத்திரம் விற்று, அந்தப் பணத்தை உள்ளே போட்டது. கடன் வாங்கிய பணத்தை அடகு வைத்து மேலும் கடன். கவுன்ட்டிக்கு வெளியே உள்ள நகரங்கள்கூட இடம் கேட்டு வந்தன.

இந்தக் கதையில் பொதுவாக ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் கணக்கு எழுதிய முறை. எனக்கு அதுதான் மையம் என்று படுகிறது. அன்றைய விதிப்படி, நிதியிலுள்ள பத்திரங்களை வாங்கிய விலையிலேயே காட்டலாம். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று எழுத வேண்டியதில்லை. 'கடைசிவரை வைத்திருக்கப் போகிறோம், நடுவில் விலை என்ன ஆனால் என்ன' என்பது வாதம். சொந்தப் பணத்தில் வாங்கிய பத்திரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அடகில் இருக்கும் பத்திரத்துக்குப் பொருந்தாது. கடன் கொடுத்தவர் ஒவ்வொரு நாளும் சந்தை விலையைத்தான் பார்ப்பார். ஆக வங்கிகளுக்குத் தினமும் தெரிந்த எண், பணத்தின் சொந்தக்காரர்களான பள்ளிகளுக்குத் தெரியவில்லை. வட்டி வருமானம் அறிக்கையில் பளிச்சென்று இருந்தது. அதற்கு என்ன விலை என்பதற்கு அறிக்கையில் இடமே இல்லை.

அவருக்குப் பத்திரங்கள் விற்றவர்களில் முதலிடம் மெரில் லிஞ்ச் நிறுவனத்துக்கு. அந்த நிறுவனமே 1992, 1993இல் இந்த நிதி வட்டி ஏற்றத்தைத் தாங்காது என்று எச்சரித்து, சில பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. சிட்ரன் மறுத்தார். எச்சரித்த கையே தொடர்ந்து விற்றது, கடனும் கொடுத்தது. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற இன்னொரு முதலீட்டு வங்கி சிட்ரனின் முறையைக் குறைகூறியபோது, எங்கள் உத்தி உங்களுக்குப் புரியவில்லை, இனி எங்களிடம் வியாபாரம் கேட்டு வர வேண்டாம் என்று கடிதம் எழுதினார். வட்டி ஏறாது என்று எப்படித் தெரியும் என்று 1993இல் கேட்டபோது அவர் சொன்ன பதில்: 'அமெரிக்காவின் மிகப்பெரிய முதலீட்டாளர்களில் நானும் ஒருவன். இதெல்லாம் எனக்குத் தெரியும்.'

1994

பிப்ரவரி 4 அன்று அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 3 சதவீதத்திலிருந்து 3.25க்கு உயர்த்தியது. மார்ச், ஏப்ரல், மே, ஆகஸ்ட் என்று ஏற்றம் தொடர்ந்தது. நவம்பர் 15 அன்று ஒரே அடியாக முக்கால் சதவீதம் ஏற்றியதும் 5.5 ஆனது.

அந்த ஆண்டு சிட்ரனுக்குத் தேர்தல். எதிர்த்து நின்றவர் ஜான் மூர்லாக் என்ற கணக்காயர். அவருடைய பிரசாரம் முழுக்க ஒரே விஷயம்: இந்த நிதி கடன் சுமையில் இருக்கிறது, வட்டி ஏற ஏற நஷ்டம் குவிகிறது, ஏற்கெனவே 100 கோடி டாலருக்கு மேல் போயிருக்கும். ஆறு மாதம் கழித்து வெளிவந்த உண்மையை அவர் முன்கூட்டியே மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் நேரத்துப் புளுகு என்று ஒதுக்கினார்கள். கவுன்ட்டியின் பெயரைக் கெடுப்பதாகக் கோபப்பட்டார்கள். ஜூன் வாக்கெடுப்பில் சிட்ரனுக்குச் சுமார் 61 சதவீதம் கிடைத்தது.

ஜெயித்தபின் அவர் பந்தயத்தைக் குறைக்கவில்லை. வட்டி சீக்கிரம் இறங்கும் என்று நம்பிக் காத்திருந்தார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடி ஒரு குறிசொல்பவரையும், தபாலில் பலன் அனுப்பும் ஜோதிடரையும் நாடியிருக்கிறார் என்பது பிறகு கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் இதை வைத்துச் சிரித்தன. ஜாதகம் பார்த்துக் கடை திறக்கும் ஊர்க்காரர்களான நமக்கு அதிர்ச்சி குறைவாக இருக்கலாம். ஆனால் 2,060 கோடி டாலர் நிதியில், வட்டி பற்றிய அவருடைய கணிப்பைச் சரிபார்க்க அலுவலகத்துக்குள் வேறு ஒருவரும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நஷ்டத்தின் கணக்கு சுலபம். அவர் வாங்கிய பத்திரங்கள், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறினால் சராசரியாக 2.74 சதவீதம் விலை இறங்கக்கூடியவை. கடனால் 2.7 மடங்கு பெருக்கியதால், சொந்தப் பணத்தின் மீது அடி 7.4 சதவீதம். 750 கோடியில் 7.4 சதவீதம் என்றால் 55 கோடி டாலர். ஐந்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி 1994 தொடக்கத்தில் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி இருந்தது, டிசம்பரில் 7.8ஐத் தொட்டது. ஏற்றம் சுமார் 2.7 புள்ளி. 55ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 150 கோடி வந்துவிடும். டிசம்பர் 1 அறிவிப்பில் சொன்ன தொகையும் அதுதான். ஜோதிடர் தேவையில்லை, ஒரு பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு போதும்.

நவம்பரில் வங்கிகள் கூடுதல் அடகு கேட்க, கையிலிருந்த ரொக்கம் வற்றியது. டிசம்பர் 6 அன்று ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற முதலீட்டு வங்கி 125 கோடி டாலர் கடனைப் புதுப்பிக்க மறுத்தது. கவுன்ட்டி அன்றே திவால் மனு போட்டது. மனு போட்டால் கடன் கொடுத்தவர்கள் அடகுப் பத்திரங்களில் கைவைக்க முடியாது என்ற கணக்கு அதில் இருந்தது. அது பலிக்கவில்லை. ரெப்போ வகைக் கடன்களுக்குத் திவால் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. ஒன்றிரண்டு நிறுவனங்கள் தவிர மற்றவை பத்திரங்களை விற்று எடுத்துக்கொண்டன. மிச்சத்தைக் கவுன்ட்டியே அடுத்த சில வாரங்களில் விற்றுத் தீர்த்தது. கடைசி நஷ்டம் சுமார் 164 கோடி டாலர்.

குற்றம் எது?

நஷ்டம் குற்றம் இல்லை. சட்டம் அனுமதித்ததைத்தான் சிட்ரன் செய்தார். அவர் சிக்கியது வேறு விஷயத்தில், அது கொஞ்சம் விசித்திரமானது. நல்ல ஆண்டுகளில் நிதி ஈட்டிய வட்டி அளவுக்கு மீறி இருந்தது. அப்படியே காட்டினால் 'இவ்வளவு எப்படி வருகிறது?' என்று யாராவது கேட்பார்கள். அதனால் பள்ளிகளுக்கும் நகரங்களுக்கும் சேர வேண்டிய வட்டியில் 8 கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கவுன்ட்டியின் கணக்குக்கு மாற்றி, பதிவேடுகளைத் திருத்தினார்கள். அதிக லாபத்தை மறைக்கச் செய்த மோசடி! ஊரே புகழ்ந்த அந்த எண் இயல்பானதல்ல என்று அதைக் கொண்டுவந்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

1995 ஜனவரியில் மாநில செனட் குழுவின் முன் வந்த சிட்ரன், சிக்கலான பத்திரங்களில் தனக்குப் போதிய படிப்பும் பயிற்சியும் இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். 'இதெல்லாம் எனக்குத் தெரியும்' என்று சொன்ன அதே வாய். ஏப்ரலில் ஆறு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். ஓராண்டுச் சிறையும் 1 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். பகலில் சிறை அலுவலகத்தில் எழுத்து வேலை, இரவு வீட்டில் தூக்கம் என்று அந்தத் தண்டனை கழிந்தது. 2013இல் 87 வயதில் இறந்தார். அவருடைய துணைக் கருவூலர் மேத்யூ ராப் மீதும் வழக்கு நடந்து தண்டனை வந்தது. பிறகு மேல்முறையீட்டில் அது ரத்தானது.

பிறகு

மூர்லாக் 1995இல் அதே கருவூலர் நாற்காலியில் நியமிக்கப்பட்டார்.

கடனை அடைக்க டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி கேட்டு 1995 ஜூனில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பத்துக்கு ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். வரி வேண்டாம் என்பதில் மட்டும் 1978 முதல் ஆரஞ்சு கவுன்ட்டியின் நிலைப்பாடு மாறவே இல்லை! சேவைகள் வெட்டப்பட்டன, ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அடி அதிகம் விழுந்தது ஏழைகளுக்கான நலத் திட்டங்களில். பள்ளிகளுக்கு டாலருக்குச் சுமார் 90 சென்ட்டும் நகரங்களுக்குச் சுமார் 80 சென்ட்டும் முதலில் திரும்பின. 1996 ஜூனில் புதிய கடன் பத்திரங்கள் விற்று கவுன்ட்டி திவால் நிலையிலிருந்து வெளியே வந்தது. அந்தக் கடனின் கடைசித் தவணை 2017இல்தான் முடிந்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே மெரில் லிஞ்ச் 1998இல் 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தணிக்கை செய்த கேபிஎம்ஜி 7.5 கோடி டாலர் தந்தது. எல்லாம் சேர்த்து 80 கோடிக்கு மேல் மீண்டது, ஏறத்தாழ நஷ்டத்தில் பாதி.

சட்டமும் மாறியது. ரிவர்ஸ் ரெப்போ முதலீட்டு நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதலில் பாதுகாப்பு, அடுத்து கேட்டதும் பணம் கிடைப்பது, அதன் பிறகே வட்டி என்ற வரிசை கலிஃபோர்னியச் சட்டப் புத்தகத்தில் எழுத்தாக இருக்கிறது. 1997இல் அரசுக் கணக்கியல் தர வாரியம், இத்தகைய நிதிகள் பத்திரங்களைச் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. சிட்ரன் காலத்தில் அந்த ஒரு விதி இருந்திருந்தால், 1994 மார்ச்சிலேயே ஏதாவதொரு பள்ளி மாவட்டத்தின் கணக்காளர் போன் செய்திருப்பார்.

ஒரு விவாதம் மட்டும் பல ஆண்டு நீடித்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மெர்ட்டன் மில்லர், கவுன்ட்டி திவாலாகியிருக்கவே வேண்டியதில்லை என்றார். நிதியில் மிச்சமும் வட்டி வரவும் போதுமான அளவு இருந்தன, பதறி விற்றதுதான் தப்பு என்பது அவர் வாதம். 1995இல் வட்டி உண்மையிலேயே இறங்கியது. பத்திரங்களை விற்காமல் வைத்திருந்தால் நஷ்டத்தில் பெரும்பங்கு திரும்பியிருக்கும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்த ஃபிலிப் ஜோரியன் இதை ஏற்கவில்லை. 1994 டிசம்பரில் நின்றுகொண்டு 1995இன் வட்டியை யாரும் பார்த்திருக்க முடியாது, இன்னும் ஏறியிருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார்.

எனக்கு ஜோரியன் பக்கம்தான் சாய்வு. காத்திருப்பது என்றால் அதே பந்தயத்தைத் தொடர்வது என்றுதான் அர்த்தம். அதுவும் போட்டவரே கைவிட்டுப் போன பிறகு, வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்த பிறகு. அந்த டிசம்பரில் ஆசிரியர் சம்பளத்துக்கு நிதியிலிருந்து பணம் கேட்டுக்கொண்டிருந்த பள்ளி மாவட்டங்களுக்கு அடுத்த ஆண்டு வட்டி இறங்கும் என்ற செய்தியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.